மூட்டைப்பூச்சியை ஒழிக்க முழுமையான வழிகாட்டி: எந்த வேலை முதலில், எது கடைசியில்

மூட்டைப்பூச்சி இருப்பது தெரிந்ததும் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை, ஒரு தெளிப்பு மருந்தை வாங்கிவந்து கட்டிலைச் சுற்றி அடிப்பது. நானும் முதன்முறை அதைத்தான் செய்தேன். மறுநாள் காலை ஏழெட்டுப் பூச்சிகள் செத்துக் கிடந்தன. வேலை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து, அதுவரை ஒரு கடிகூட இல்லாத பக்கத்து அறையில் பிள்ளைகள் சொறிந்துகொண்டே எழுந்தார்கள்.

அதன்பின் சொந்த வீட்டிலும் தெரிந்தவர்கள் வீடுகளிலுமாகப் பலமுறை இந்த வேலையைச் செய்திருக்கிறேன். எல்லோரும் சறுக்குவது வரிசையில்தான். தேடிப் பார்ப்பதற்கு முன்பே மருந்தடிக்கிறார்கள். பையில் கட்டாமல் துணிகளை வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். முட்டை பொரியும் நாள்களைக் கணக்கில் கொள்ளாமல் ஒரே நாளில் முடித்துவிடப் பார்க்கிறார்கள்.

கீழுள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். மொத்தம் குறைந்தது இரண்டு மாதம் பிடிக்கும். முதல் இரண்டு நாள் கடும் உழைப்பு இருக்கும். மீதி நாள்களில் பெரும்பாலும் கண்காணிப்புதான்.

முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

வேலையைத் தொடங்கிய பிறகு ஒரு பொருளுக்காகப் பாதியில் எழுந்து போனால், கலைக்கப்பட்ட பூச்சிகள் அதற்குள் இடம் மாறிவிடும். ஆகவே எல்லாவற்றையும் கட்டிலருகே கொண்டுவந்து வைத்துக்கொண்ட பிறகே தொடங்குங்கள்.

- நல்ல வெளிச்சம் தரும் டார்ச், ஒரு பூதக்கண்ணாடி
- இடுக்கில் நுழைத்துப் பார்க்கப் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்று
- திருப்புளி, கட்டிலைக் கழற்றாமல் இந்த வேலை முடியாது
- அகலமான ஒளிபுகும் ஒட்டு நாடா
- ஓட்டையில்லாத பெரிய பாலித்தீன் பைகள், குறைந்தது இருபது
- குறுகிய முனை பொருத்தக்கூடிய வாக்யூம் கிளீனர்
- கிடைக்குமானால் நீராவிக் கருவி
- கட்டில் கால்களுக்கு அடியில் வைக்க நான்கு தடுப்புக் கிண்ணங்கள்
- மெத்தை, தலையணைகளை முழுவதுமாக மூடும் ஜிப் உறைகள்
- நாள் குறித்து வைக்க ஒரு நோட்டு

நோட்டை வேண்டாத சுமை என்று எண்ணிவிடாதீர்கள். எந்த நாளில் எந்த இடத்தில் எத்தனை பூச்சி என்று எழுதி வைத்தால்தான் மூன்றாவது வாரத்தில் எண்ணிக்கை குறைகிறதா கூடுகிறதா என்று சொல்ல முடியும். நினைவை நம்பினால் பதற்றம்தான் பதில் சொல்லும்.

1. மூட்டைப்பூச்சிதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

கடியை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். வரிசையாக மூன்று நான்கு தடிப்புகள் இருந்தால் மூட்டைப்பூச்சி என்று சொல்வது வழக்கம். அது எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. கொசு, தெள்ளுப்பூச்சி, சாதாரண ஒவ்வாமை எதுவும் அப்படித் தோன்றலாம். ஒரே கட்டிலில் படுக்கும் இருவரில் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்து, மற்றவருக்கு ஒரு புள்ளிகூட இல்லாமல் இருப்பதும் உண்டு. தடிப்பு தெரிய இரண்டு வாரம் வரைகூட ஆகலாம். ஆக, கடி எங்கே நேர்ந்தது என்பதற்குக்கூடத் தோல் நம்பகமான சாட்சி இல்லை.

கண்ணால் பார்க்க வேண்டிய சான்றுகள் நான்கு.

முதலாவது பூச்சியே. வளர்ந்தது ஆப்பிள் விதை அளவில், 5 மில்லிமீட்டர் நீளத்தில், தட்டையாக, செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். ஆறு கால்கள், பறக்க இறக்கை கிடையாது, குதிக்கவும் தெரியாது. இரத்தம் குடித்ததும் உப்பி நீண்டு கருஞ்சிவப்பாகிவிடும். அப்போது பார்ப்பவர்கள் வேறு பூச்சி என்று நினைத்துவிடுகிறார்கள். இளம்பூச்சி எள்ளை விடச் சிறியது, வைக்கோல் நிறம், கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும். அது இரத்தம் குடித்திருந்தால் வயிற்றில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும்.

இரண்டாவது எச்சம். பேனா முனையால் தொட்டதுபோன்ற கரும்புள்ளிகள், கூட்டம் கூட்டமாக இருக்கும். ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்: மை கசிந்ததுபோல் செம்பழுப்பாகப் பரவினால் அது செரித்த இரத்தம். துடைத்தும் பரவாமல் உதிர்ந்தால் வெறும் அழுக்காகவோ கரப்பானின் எச்சமாகவோ இருக்கலாம்.

மூன்றாவது, உரித்த தோல்கள். பூச்சியின் அதே உருவத்தில் வெற்றுக் கூடாக, வெளிர்பழுப்பில் கிடக்கும். நான்காவது முட்டை: ஒரு மில்லிமீட்டர் நீளம், பால்வெள்ளை, இடுக்கின் உட்புறத்தில் பசைபோட்டு ஒட்டியதுபோல் இருக்கும். விரலால் தட்டினால் விழாது. இது பின்னால் வாக்யூமால் உறிஞ்சும்போது முக்கியமாகும்.

ஒன்றைப் பிடித்தால் நசுக்காதீர்கள். ஒட்டு நாடாவில் ஒட்டி, நோட்டில் பதித்து வையுங்கள். கரப்பான் குஞ்சு, உண்ணி, கம்பள வண்டின் புழு இவற்றையெல்லாம் மூட்டைப்பூச்சி என்று எண்ணி வாரக்கணக்கில் உழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்ணிக்கு எட்டுக் கால். கம்பள வண்டின் புழுவுக்கு உடல் முழுக்க மயிர். சந்தேகம் இருந்தால் பூச்சியியல் தெரிந்தவரிடம் அந்த நாடாவையே காட்டலாம்.

2. படுக்கும் இடத்தை மாற்றாதீர்கள்

கேட்பவர்கள் மிகவும் எதிர்க்கும் அறிவுரை இதுதான். கடிக்கிறது என்று தெரிந்தும் அதே கட்டிலில் எப்படிப் படுப்பது? காரணத்தைச் சொல்கிறேன்.

மூட்டைப்பூச்சி நாம் வெளிவிடும் கரியமில வாயுவையும் உடல் சூட்டையும் தேடி வருகிறது. படுக்கையில் ஆள் இல்லையென்றால் அது பட்டினி கிடந்து சாகாது; ஆளைத் தேடிக் கிளம்பும். நீங்கள் சோபாவுக்குப் போனால் அதுவும் சோபாவுக்கு வரும். ஓர் அறையில் இருந்த தொல்லை இரண்டு அறைகளுக்குப் பரவுவது பெரும்பாலும் இப்படித்தான். போகிற வழியில் நீங்களே போர்வையோடு நான்கைந்தைச் சுமந்துகொண்டும் போவீர்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் வெளியூர் போய்விடலாம் என்ற யோசனையும் பலிக்காது. இரத்தமே இல்லாமல் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கக்கூடிய பூச்சி இது. குளிர்ந்த இடத்தில் ஓர் ஆண்டுகூட உயிரோடு இருக்கும். இரவு முழுக்க விளக்கெரிப்பதும் வீண். பசித்தால் வெளிச்சத்திலும் வரும்.

ஆகவே அதே கட்டிலில் படுத்து, அந்தக் கட்டிலைப் பாதுகாப்பானதாக மாற்றுவதுதான் வழி. அடுத்த நான்கு படிகளும் அதற்காகவே. வீட்டில் கைக்குழந்தை இருந்தாலோ யாருக்காவது கடியால் கடும் ஒவ்வாமை வந்தாலோ அவர்களை மட்டும், துவைத்துச் சூடேற்றிய உடைகளோடு, வேறிடத்தில் தங்க வையுங்கள்.

3. கட்டிலிலிருந்து வெளிப்பக்கமாகத் தேடுங்கள்

தொடக்கத்தில் பெரும்பாலான பூச்சிகள் படுக்கையிலிருந்து இரண்டு மீட்டருக்குள்தான் இருக்கும். ஆகவே தேடல் தலைமாட்டில் தொடங்கி வட்டம் வட்டமாக வெளியே விரிய வேண்டும். அறை முழுக்க மேலோட்டமாகப் பார்ப்பதைவிட இந்த இரண்டு மீட்டரை இரண்டு மணி நேரம் பார்ப்பது மேல்.

முதலில் படுக்கைவிரிப்பின் மூலைகள். அடுத்து மெத்தையின் ஓரத் தையல், அதன் மடிப்பின் அடிப்பக்கம், கைப்பிடி, விலைச்சீட்டு தைத்திருக்கும் இடம். பிளாஸ்டிக் அட்டையைத் தையல் நெடுக நுழைத்து மெல்ல இழுத்தால் உள்ளே இருப்பவை முன்னால் தள்ளப்பட்டு வெளியே வரும். பிறகு மெத்தையைத் தூக்கி நிறுத்திக் கட்டிலின் சட்டங்களைப் பாருங்கள்.

இனி திருப்புளி. புதியவர்கள் தவறவிடும் இடம் இதுதான். ஒரு வீட்டில் மெத்தையில் ஒன்றுமே இல்லை, கடி மட்டும் ஓயவில்லை என்றார்கள். தலைமாட்டுப் பலகையைத் தாங்கிய திருகு ஒன்றைக் கழற்றினேன். விரல் நுழையாத அந்தத் துளையின் வாயைச் சுற்றிக் கருமை படிந்திருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது, உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக, சீட்டு அடுக்கியதுபோல், பதினைந்துக்கும் மேற்பட்ட பூச்சிகள். இடையிடையே வெள்ளை முட்டைகள். மரம் வெடித்திருந்த கோடு நெடுகப் புள்ளிபுள்ளியாக எச்சம். அடித்த மருந்தெல்லாம் பலகையின் வெளிப்புறத்தில் காய்ந்து கிடந்தது.

நினைவில் வைத்துக்கொள்ள ஓர் அளவுகோல்: பிளாஸ்டிக் அட்டையின் ஓரம் நுழையும் எந்த இடுக்கிலும் மூட்டைப்பூச்சி நுழையும். கட்டிலை முடித்ததும் பக்கத்து மேசையின் இழுப்பறையைக் கழற்றி அதன் அடிப்பக்கம், திரைச்சீலையின் மேல்மடிப்பு, படச்சட்டத்தின் பின்புறம், சுவர் ஓரச் சட்டம், நாற்காலியின் அடித்துணி என்று வெளியே வாருங்கள். மின்சாரப் பெட்டிகளின் மூடியைத் திறக்க வேண்டுமானால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

கண்ட இடங்களையெல்லாம் நோட்டில் எழுதுங்கள். இப்போதைக்குக் கொல்வதில் நேரம் செலவிட வேண்டாம். ஓடுவதை மட்டும் நாடாவில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

4. துணிகளை அறைக்குள்ளேயே பையில் கட்டுங்கள், பிறகு சூடேற்றுங்கள்

விரிப்பு, போர்வை, தலையணை உறை, திரைச்சீலை, கட்டிலடியில் கிடக்கும் துணி எல்லாவற்றையும் அந்த அறையிலேயே பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டிய பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். கையில் அள்ளிக்கொண்டு கூடத்தின் வழியே போனால், வழியெங்கும் பூச்சிகளை உதிர்த்துக்கொண்டு போகிறீர்கள். கருவுற்ற ஒரே ஒரு பெண் பூச்சி போதும், புதிய அறையில் முதலிலிருந்து தொடங்க.

துணியில் இருப்பவற்றைக் கொல்வது சோப்பு அல்ல, சூடுதான். வளர்ந்த பூச்சி 45 டிகிரி செல்சியஸில் சாக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். முட்டை 48 டிகிரியில்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஆகவே 60 டிகிரி நீரில் துவையுங்கள். உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதிகச் சூட்டில், துணி காய்ந்த பிறகும் அரை மணி நேரம் ஓட விடுங்கள். நீரில் போடக்கூடாத துணிகளை நேராக உலர்த்தும் இயந்திரத்தில் போடலாம். இயந்திரத்தை இறுக்கி அடைக்காதீர்கள். நடுவில் உள்ள துணிக்குச் சூடு எட்டாது.

வெயிலில் காயப்போடுவது பலர் நம்பும் முறை. துணியின் மேற்பரப்பு சுடும். மடிப்பின் உள்ளே அந்தச் சூடு போகாது, பூச்சியும் நிழல் பக்கம் நகர்ந்துவிடும். மெத்தையை வெயிலில் போடுவதால் சில பூச்சிகள் வெளியே ஓடும். ஓடியவை எங்கே போயின என்பது யாருக்கும் தெரியாது. வெயிலை மட்டும் நம்பாதீர்கள்.

சூடு ஆகாத பொருள்களுக்கு உறைகுளிர். பொம்மை, புத்தகம், தோல் செருப்பு போன்றவற்றைப் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியைத் தொடும் உறைபெட்டியில் நான்கு நாள் முழுமையாக வையுங்கள். கனமான பொருளென்றால் இன்னும் சில நாள். ஒரு வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் வீட்டு உறைபெட்டிகள் சில அந்த அளவுக்குக் குளிர்வதில்லை.

சூடேற்றிய துணிகளைப் புதிய பையில் கட்டுங்கள். பழைய பைக்குள் திரும்பப் போட்டால் உழைப்பெல்லாம் போயிற்று. பழைய பையை உள்பக்கம் வெளியே வராமல் சுருட்டிக் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள்.

5. கட்டிலையும் மெத்தையையும் உறிஞ்சி, பிறகு ஆவி பிடியுங்கள்

முதலில் வாக்யூம், பிறகு நீராவி. மாற்றிச் செய்தால் ஈரமான அழுக்கு இடுக்கில் அடைத்துக்கொள்ளும்.

குறுகிய முனையைத் தையலோடு ஒட்டி அழுத்தி, மெல்ல நகர்த்துங்கள். முட்டை ஒட்டியிருப்பதால் உறிஞ்சல் மட்டும் அதை எடுக்காது. முனையின் விளிம்பால் சுரண்டிக்கொண்டே போக வேண்டும். முடிந்த உடனே பையை வெளியே எடுத்து இறுக்கிக் கட்டி வீட்டுக்கு வெளியே போடுங்கள். பையில்லாத கருவியானால் தூசிக்கலத்தைக் கொட்டிவிட்டுச் சுடுநீரில் கழுவுங்கள். கருவியை அப்படியே அலமாரியில் வைத்தால் உள்ளே உயிரோடு இருப்பவை அலமாரியில் குடியேறும்.

நீராவிக் கருவிக்கு அகல முனையைப் போடுங்கள். ஊசி முனையிலிருந்து சீறும் ஆவி பூச்சியைக் கொல்வதற்குள் ஊதித் தள்ளிவிடும். வேகமும் முக்கியம்: துணி இஸ்திரி போடுவதைவிட மிகவும் மெதுவாக, ஓர் அடி நீளத்துக்குப் பத்து நொடியாவது எடுத்து நகர்த்துங்கள். முனை நகர்ந்தவுடன் மேற்பரப்பில் 70 டிகிரிக்குக் குறையாத சூடு இருக்க வேண்டும். மின்சாரப் பொருள்கள் அருகில் ஆவி கூடாது. மெத்தை முழுவதும் காய்ந்த பிறகே உறை போடுங்கள், இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

நீராவிக் கருவி இல்லாதவர்கள் கழற்றிய இரும்புச் சட்டங்களை வெளியே எடுத்துக் கொதிநீர் ஊற்றலாம். நீர் பட்ட இடத்தில் பூச்சியும் முட்டையும் சாகும். மரத்துக்கு இது ஆகாது. கை கால் வெந்துபோகும் ஆபத்தும் உண்டு, பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்.

மெத்தையைத் தூக்கி எறிய வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் வேண்டியதில்லை. ஜிப் உறைக்குள் அதை முழுமையாக அடைத்துவிட்டால் உள்ளே இருப்பவை கடிக்க வழியில்லாமல் அங்கேயே சாகும். உறையை ஓராண்டுக்குக் கழற்றாதீர்கள். ஜிப் முடியும் இடத்தில் ஒட்டு நாடா போடுங்கள். கிழிசல் விழுந்ததா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். புது மெத்தை வாங்கிப் பழைய கட்டிலில் போட்டவர்களுக்கு அடுத்த மாதமே புது மெத்தையிலும் கரும்புள்ளிகள் தெரிந்திருக்கின்றன.

6. கட்டிலைத் தனித் தீவாக்குங்கள்

இப்போது கட்டில் சுத்தம். இனி அறையில் மிஞ்சியிருப்பவை அதில் ஏறாமல் தடுக்க வேண்டும்.

கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளிப் போடுங்கள். போர்வை, கொசுவலை, சார்ஜர் கம்பி எதுவும் தரையையோ சுவரையோ தொடக் கூடாது. தொங்கும் ஒரு நூல்கூட அதற்குப் பாலம். கட்டிலடியில் ஒரு பொருளும் இருக்க வேண்டாம்.

ஒவ்வொரு காலின் அடியிலும் தடுப்புக் கிண்ணம் வையுங்கள். அதில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையப் பள்ளங்கள் இருக்கும்; கட்டில் கால் உள் வளையத்தில் நிற்கும். வெளிச்சுவர் சொரசொரப்பாக, ஏற வசதியாக இருக்கும். உள்பக்கம் வழவழப்பாக, விழுந்தால் ஏற முடியாதபடி இருக்கும். இரண்டு வேலையை இது செய்கிறது: ஏறுவதைத் தடுக்கிறது, எத்தனை மிச்சம் என்று எண்ணியும் காட்டுகிறது. என் அனுபவத்தில் இந்த நான்கு கிண்ணங்கள் எந்த மருந்தையும்விட அதிகம் சொல்லித் தந்தன.

ஒரு எச்சரிக்கை. மனிதரைக் கடிப்பதில் முக்கியமான இனங்கள் இரண்டு: மிதவெப்பப் பகுதிகளில் பரவலான சைமெக்ஸ் லெக்டுலேரியஸ், வெப்பப் பகுதிகளில் பரவலான சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். இரண்டாவதன் கால்களில் ஒட்டிப் பிடிக்கும் நுண்மயிர்கள் அதிகம். வழவழப்பான சுவரிலும் அதனால் ஏற முடியும். வெப்பப் பகுதியில் இருப்பவர்கள் கிண்ணம் காலியாக இருப்பதைக் கண்டு பூச்சியே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. உள்சுவரில் முகப்பவுடரை மெல்லிதாகப் பூசி, தூசி படிந்தால் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். கிண்ணத்தை நாள்தோறும் காலையில் பாருங்கள்.

7. விரிசல்களை அடையுங்கள், மருந்தைக் கடைசியில் எடுங்கள்

சுவர் வெடிப்பு, சட்டத்தின் பின்னிடைவெளி, குழாய் நுழையும் துளை ஆகியவற்றை ஆவி பிடித்த பிறகு அடைத்துவிடுங்கள். ஒளிய இடம் குறையக் குறையத் தேடும் வேலையும் குறையும்.

இதற்குப் பிறகும் கிண்ணத்தில் பூச்சி விழுந்தால் மட்டும் மருந்தைப் பற்றி யோசியுங்கள். ஏன் இவ்வளவு தாமதம்? கடைகளில் எளிதாகக் கிடைக்கும் தெளிப்புகளில் பெரும்பாலானவை பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகை. உலகின் பல பகுதிகளில் மூட்டைப்பூச்சி இவற்றுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. நேராகப் பட்டால் சில சாகும். மற்றவை எரிச்சலடைந்து சிதறி, இதுவரை இல்லாத இடங்களுக்குப் போகும். என் வீட்டுப் பக்கத்து அறையில் நடந்தது அதுவே.

அறை முழுக்கப் புகைபோல் பரவும் மருந்துக் குப்பிகள் இன்னும் மோசம். துளிகள் திறந்த பரப்பில் படிகின்றன. திருகுத் துளைக்குள் போவதில்லை. தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

ஈரமில்லாத இடங்களுக்கு உலர்த்தும் தூள் நல்லது. டயட்டோமேசியஸ் மண், சிலிக்கா ஜெல் தூள் இரண்டும் பூச்சியின் மேலிருக்கும் மெழுகுப் படலத்தைக் குலைத்து உடலை வறளச் செய்கின்றன. இது நஞ்சாக வேலை செய்வதில்லை என்பதால், தெளிப்புகளுக்குப் பழகிப்போன பூச்சிகளிடமும் பலிக்கும். பூச்சிக்கொல்லி என்று அனுமதிக்கப்பட்ட தூளை மட்டுமே வாங்குங்கள். நீச்சல்குள வடிகட்டிக்கு விற்பது நுரையீரலுக்குத் தீங்கு. முகக்கவசம் போட்டு, சிறு தூரிகையால் இடுக்குக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு மெல்லிதாகத் தடவுங்கள். குவியலாகக் கொட்டினால் பூச்சி சுற்றிக்கொண்டு போகும். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். மெத்தையின் மேலும் நடமாடும் தரையிலும் வேண்டாம்.

தெளிப்பு பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால், மூட்டைப்பூச்சிக்கானது என்று சீட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள். சொன்ன அளவை மீறாதீர்கள். தலையணையிலும் உடலிலும் அடிக்காதீர்கள். பூனை வளர்ப்பவர்கள் பெர்மெத்ரின் உள்ள மருந்தில் மிகக் கவனமாக இருங்கள், அது பூனைக்குக் கடும் நஞ்சு.

செய்யவே கூடாதவை: மண்ணெண்ணெய், பெட்ரோல், ஆல்கஹால் ஊற்றுவது. இவற்றால் வீடுகள் எரிந்திருக்கின்றன. தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் வைப்பது அதைவிடக் கொடியது. ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவை வெளிவிடும். சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டில் தூங்குபவரையும் அது கொல்லும். மூட்டைப்பூச்சிக்காக அதை வைத்துக் குழந்தைகளை இழந்த குடும்பங்கள் உண்டு. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

8. முட்டைக் கணக்கை வைத்து மறுசுற்று வாருங்கள்

அறை வெப்பநிலையில் முட்டை பொரிய ஆறு முதல் பத்து நாள் ஆகும். பொரிந்த குஞ்சு ஐந்து முறை தோலுரித்து வளர்கிறது. ஒவ்வொரு தோலுரிப்புக்கும் முன் ஒருமுறையாவது இரத்தம் குடித்தாக வேண்டும். வசதியான சூழலில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வரை ஐந்தாறு வாரம் போதும்.

ஆகவே முதல் சுற்றில் தப்பிய முட்டைகள் பொரிந்த பிறகு, அவை வளர்ந்து முட்டையிடுவதற்கு முன், அடுத்த சுற்று வர வேண்டும். தொடங்கிய நாளிலிருந்து 12ஆம் நாளும் 24ஆம் நாளும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளும் தேடல், உறிஞ்சல், ஆவி மூன்றையும் முதலிலிருந்து செய்யுங்கள். பத்து நாள் கடி இல்லாமல் போனதும் பலர் இந்தச் சுற்றை விட்டுவிடுகிறார்கள். ஆறாவது வாரம் மீண்டும் கடி தொடங்கும்போது எங்கிருந்தோ புதிதாக வந்துவிட்டது என்கிறார்கள். வந்தது புதிதல்ல, திருகுத் துளையில் மிஞ்சிய முட்டைதான்.

கிண்ணத்தில் விழுவது சிறு குஞ்சா, வளர்ந்த பூச்சியா என்று பாருங்கள். குஞ்சு மட்டும் விழுந்தால் முட்டை பொரிகிறது, எதிர்பார்த்ததுதான். நான்காவது வாரத்திலும் வளர்ந்தவை விழுந்தால் நீங்கள் கண்டுபிடிக்காத கூடு ஒன்று அறையில் இருக்கிறது. மூன்றாம் படிக்குத் திரும்பி வட்டத்தை விரிவாக்குங்கள். கிண்ணத்தின் வெளி வளையத்தில் விழுந்தது அறையிலிருந்து வந்தது. உள் வளையத்தில் விழுந்தது கட்டிலிலிருந்து இறங்கியது. எங்கே தேடுவது என்பதை அது சொல்லிவிடும்.

தொடர்ந்து எட்டு வாரம் பூச்சியும் இல்லை, புதிய எச்சமும் இல்லை என்றால் ஒழிந்துவிட்டது என்று சொல்லலாம். கிண்ணங்களை அதற்குப் பிறகும் எடுக்க வேண்டாம்.

9. கடிக்கு என்ன செய்வது, ஆளை எப்போது அழைப்பது

மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்புவதாக நிறுவப்படவில்லை. சோப்பு நீரில் கழுவிக் குளிர் ஒத்தடம் கொடுங்கள். சொறிந்து புண்ணாக்காமல் இருப்பதே பெரிய மருத்துவம். சீழ் பிடித்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ மருத்துவரிடம் போங்கள். தூக்கம் கெட்டு மனம் நொந்துபோவதும் உண்மையான பாதிப்புதான். அதை வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். வீடு சுத்தமாக இல்லாததால் வருவதில்லை இது. மனிதர் படுக்கும் எந்த இடமும் அதற்குப் போதும்.

மூன்று அறைகளுக்கு மேல் பரவியிருந்தாலோ, 24ஆம் நாள் சுற்றுக்குப் பிறகும் எண்ணிக்கை குறையாவிட்டாலோ பூச்சி ஒழிப்பாளரை அழையுங்கள். எத்தனை முறை வருவார், எந்த மருந்து, சூடு பயன்படுத்துவாரா என்று கேளுங்கள். ஒரே முறையில் முடித்துத் தருகிறேன் என்பவர் முட்டையைக் கணக்கில் எடுக்கவில்லை. அடுக்குமாடியில் இருந்தால் இருபக்கம், மேல், கீழ் வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள். குழாய்த் துளைகள் வழியே பூச்சி போய்வரும்போது ஒரு வீட்டை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை.

10. மீண்டும் உள்ளே வராமல் காப்பது

மூட்டைப்பூச்சி பெரும்பாலும் பெட்டியிலும் பழைய சாமானிலும் சவாரி செய்துதான் வருகிறது. வெளியூரில் தங்கும் அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைக் கட்டிலிலோ தரைவிரிப்பிலோ வைக்காதீர்கள். குளியலறையில் வைத்துவிட்டு மெத்தைத் தையலையும் தலைமாட்டுப் பலகையின் பின்புறத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. கரும்புள்ளிகள் இருந்தால் அறையை மாற்றிக் கேளுங்கள். பக்கத்து அறையோ மேல் கீழ் அறையோ வேண்டாம்.

வீடு திரும்பியதும் துணிகள், போட்டதும் போடாததும், நேராகச் சூட்டுக்குப் போகட்டும். பெட்டியை வாசலிலேயே திறந்து, தையலையும் சக்கர இடுக்கையும் உறிஞ்சுங்கள். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

தெருவோரம் போட்டுக் கிடக்கும் சோபாவையும் மெத்தையையும் எடுத்துவராதீர்கள். உங்களுடையதைப் போடுவதானால் பிறர் எடுக்காதபடி கிழித்து, காரணத்தை எழுதி ஒட்டிப் போடுங்கள். பழைய கட்டில் வாங்கப் போகும்போது திருப்புளியும் டார்ச்சும் கையோடு இருக்கட்டும். தலைமாட்டுத் திருகு ஒன்றைக் கழற்றித் துளையைப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்தக் கட்டில் வேண்டாம்.